அலுவலக வடிகட்டியும் சொந்த வெப்மெயிலும்: வாசகர் கேள்வி – பதில்

சொந்த டொமைனில், சொந்த சர்வரில் மெயில் வைத்திருப்பவர்கள் கேட்டு எழுதிய கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தைச் சுற்றியே வந்திருக்கின்றன. வீட்டில் திறக்கிற வெப்மெயில், தளங்களைத் தடுக்கும் வடிகட்டி உள்ள அலுவலகத்தில் திறப்பதில்லை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம். எடுத்துக்காட்டுகள் ரவுண்ட்கியூப் (பிரவுசரில் அஞ்சல் காட்டும் வெப்மெயில்), என்ஜின்எக்ஸ் (வலை சர்வர்), டவ்காட் (அஞ்சல் பெட்டியைத் திறந்து தருவது), போஸ்ட்ஃபிக்ஸ் (அஞ்சலை அனுப்புவது, பெறுவது) ஆகியவற்றை வைத்து எழுதப்பட்டவை. வேறு மென்பொருள் வைத்திருந்தாலும் காரணங்கள் மாறாது.

கேள்வி: ரவுண்ட்கியூப் வீட்டிலும் போனிலும் ஒழுங்காகத் திறக்கிறது. அலுவலகத்தில் மட்டும் திறப்பதில்லை. கோளாறு என் சர்வரிலா, அவர்கள் வடிகட்டியிலா? எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: திரையில் வருவதை அப்படியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

பக்கம் சுற்றிக்கொண்டே இருந்து அரை நிமிடம், ஒரு நிமிடம் கழித்து 'நேரம் முடிந்தது' என்று வந்தால், வெப்மெயில் இருக்கும் போர்ட்டை (சர்வரில் அந்தச் சேவைக்கான எண்ணிட்ட வாசல்) வெளியே விடவில்லை என்று பெரும்பாலும் பொருள். சுற்றாமல் உடனே 'முகவரி கிடைக்கவில்லை' என்றால் தடுப்பு டிஎன்எஸ்ஸில் (தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை) இருக்கிறது. உங்கள் பெயருக்கு விடையே தருவதில்லை. உடனே 'இணைப்பு முறிக்கப்பட்டது' என்றால் பெயரைப் பார்த்து வெட்டுகிறார்கள். ஹெச்டிடிபிஎஸ் இணைப்பின் முதல் பொதியில் நீங்கள் போகும் தளத்தின் பெயர் பெரும்பாலும் மறைக்கப்படாமல் போகிறது. வடிகட்டிக்கு அதுவே போதும். 'இந்தத் தளம் இன்ன வகை, அனுமதி இல்லை' என்று தடுப்புப் பக்கம் வந்தால் வகைப்பெயரையும் அதில் உள்ள குறிப்பு எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

குழப்புவது சான்றிதழ் எச்சரிக்கைதான். வடிகட்டி தன் தடுப்புப் பக்கத்தை உங்கள் ஹெச்டிடிபிஎஸ் முகவரிக்குள் நுழைக்கப் பார்க்கும்போதும் இதே எச்சரிக்கை வரும். உங்கள் தளத்தில் ஹெச்எஸ்டிஎஸ் (எப்போதும் ஹெச்டிடிபிஎஸ் வழியாகவே திறக்கச் சொல்லும் விதி) போட்டிருந்தால் 'பரவாயில்லை, தொடர்க' என்ற பொத்தான்கூட வராது. பார்ப்பவருக்கு சர்வர் கெட்டுப்போனது போலத் தோன்றும். எச்சரிக்கைப் பக்கத்திலேயே சான்றிதழ் விவரத்தைத் திறந்து, வழங்கியவர் யார் என்று பாருங்கள். லெட்ஸ் என்க்ரிப்ட் (இலவசச் சான்றிதழ் வழங்கும் அமைப்பு) என்றோ நீங்கள் சான்றிதழ் வாங்கிய நிறுவனத்தின் பெயரோ இருந்தால் கோளாறு உங்கள் பக்கம். அலுவலகத்தின் பெயரோ ஃபயர்வால் தயாரிப்பின் பெயரோ இருந்தால் உங்கள் சர்வர் அந்தக் காட்சியிலேயே இல்லை.

கடைசிச் சான்று சர்வரின் லாக். அலுவலகக் கணினியில் பக்கத்தைத் திறக்கும் அதே நிமிடத்தில் என்ஜின்எக்ஸின் அணுகல் லாக்கைப் பாருங்கள். அலுவலகத்தின் பொது ஐபியிலிருந்து ஒரு வரிகூட இல்லையென்றால் கோரிக்கை வந்து சேரவில்லை. 200 (வெற்றி) என்று வரி இருந்தும் திரையில் தடுப்புப் பக்கம் வந்தால், உள்ளடக்கத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் தடுத்திருக்கிறார்கள். டிஎல்எஸ் கைகுலுக்கல் (மறையாக்க இணைப்பின் தொடக்கப் பேச்சு) பாதியில் நின்றால் அணுகல் லாக்கில் எதுவும் விழாது. அது பிழை லாக்கில்தான் வரும், அதுவும் பெரும்பாலும் 'இன்ஃபோ' நிலையில். இயல்பான 'எரர்' நிலையிலேயே விட்டிருந்தால் கண்ணில் படாது. சோதிக்கும் நேரத்துக்கு மட்டும் நிலையை இன்ஃபோவுக்கு இறக்குங்கள்.

கேள்வி: என் ஹோஸ்டிங்கில் வெப்மெயில் 2096 போர்ட்டில் இருக்கிறது. அலுவலகத்தில் நேரம் முடிந்தது என்றே வருகிறது. 8443க்கு மாற்றினால் போதுமா?

பதில்: போதாது. ஹெச்டிடிபிஎஸ்ஸின் வழக்கமான போர்ட்டான 443க்கே கொண்டு வாருங்கள். ப்ராக்ஸி (இணையப் போக்குவரத்தை இடையில் நின்று கடத்தும் சர்வர்) வழியாக வெளியே போகும் அலுவலகங்களில் மறையாக்க இணைப்புக்கு 443 ஒன்றைத்தான் விடுவார்கள். ஸ்குவிட் ப்ராக்ஸியின் இயல்பு அமைப்பே அப்படித்தான் வருகிறது. 2095, 2096 இரண்டும் சிபேனல் (ஹோஸ்டிங் நிர்வாகப் பலகை) வெப்மெயிலின் போர்ட்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். தனியாகப் பெயர் சொல்லித் தடுக்க வேண்டிய தேவைகூட யாருக்கும் இல்லை.

சிபேனல் என்றால் 'சர்வீஸ் சப்டொமைன்' வசதி இருக்கிறதா என்று ஹோஸ்டிங் நிறுவனத்திடம் கேளுங்கள். அதை இயக்கினால் டொமைன் பெயருக்கு முன்னால் வெப்மெயில் என்று சேர்த்த முகவரி 443 வழியாகவே திறக்கும்.

சொந்த சர்வரில் 443 ஏற்கெனவே உங்கள் வலைத்தளத்துக்குப் போயிருந்தாலும் தடையில்லை. ஒரே ஐபி, ஒரே போர்ட்டில் பெயரைப் பார்த்துப் பிரித்துத் தருவது என்ஜின்எக்ஸின் அன்றாட வேலை. வெப்மெயிலுக்கு ஒரு துணைப்பெயர் வைத்து, அதற்குத் தனி சர்வர் பிளாக் எழுதி, ரூட் அடைவாக ரவுண்ட்கியூப்பின் பப்ளிக்_ஹெச்டிஎம்எல் அடைவைக் கொடுங்கள். மேல் அடைவைக் கொடுத்தால் கான்ஃபிக், லாக், டெம்ப் அடைவுகளும் வலையில் தெரியும் ஆபத்து உண்டு. இன்ஸ்டாலர் அடைவை நீக்கிவிடுங்கள். 80ஆம் போர்ட்டை மூடாதீர்கள். 443க்குத் திருப்பிவிட மட்டும் வையுங்கள். லெட்ஸ் என்க்ரிப்ட் ஹெச்டிடிபி முறையில் புதுப்பிக்க 80 தேவை.

அஞ்சலைப் படிக்கும் 993 (ஐமேப்), அனுப்பும் 465 போர்ட்கள் அலுவலகத்திலிருந்து திறந்திருக்க வேண்டுமே என்று சிலர் கவலைப்பட்டிருக்கிறார்கள். வேண்டாம். அவற்றில் பேசுவது ரவுண்ட்கியூப். அது டவ்காட், போஸ்ட்ஃபிக்ஸ் இரண்டுடனும் சர்வருக்குள்ளேயே பேசிக்கொள்கிறது. உங்கள் பிரவுசருக்கு 443 மட்டும் போதும். ரவுண்ட்கியூப் வெப்சாக்கெட் (தொடர்ந்து திறந்தே இருக்கும் இணைப்பு) எதையும் நம்பியிருக்கவில்லை. இயல்பில் 60 விநாடிக்கு ஒருமுறை சாதாரணக் கோரிக்கை அனுப்பிப் புதிய அஞ்சலைப் பார்க்கும். அதனால் பழைய ப்ராக்ஸிகளையும் எளிதாகக் கடந்துவிடும்.

கேள்வி: சான்றிதழ் சரியாகத்தான் போட்டேன். குரோமில் பூட்டுக் குறி வருகிறது. அலுவலகத்தில் மட்டும் 'நம்பத்தகாத வழங்குநர்' என்று தடுப்புப் பக்கம். ஏன்?

பதில்: உங்கள் சான்றிதழை நம்பகமான வேர்ச் சான்றிதழோடு இணைக்கும் இடைநிலைச் சான்றிதழை சர்வர் அனுப்பவில்லை என்பதே முதல் சந்தேகம். விட்டுப்போன இடைநிலைச் சான்றிதழைக் குரோம் தானே போய் எடுத்துக்கொள்ளும். ஃபயர்ஃபாக்ஸ் முன்கூட்டியே ஒரு தொகுப்பை வைத்திருக்கும். அலுவலக ப்ராக்ஸி பெரும்பாலும் இரண்டையும் செய்யாது. சர்வர் கொடுத்த சங்கிலி வேர் வரை போய்ச் சேரவில்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடும். செர்ட்பாட் (லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழை எடுத்துத் தரும் கருவி) உருவாக்கும் 'லைவ்' அடைவில் செர்ட், ஃபுல்செயின் என்று இரண்டு கோப்புகள் இருக்கும். என்ஜின்எக்ஸுக்கு ஃபுல்செயினைக் கொடுங்கள். செர்ட்டைக் கொடுத்தால் இந்தச் சிக்கல்தான் வரும்.

அது சரியாக இருந்தால் அடுத்ததாக மூன்றைப் பாருங்கள். சான்றிதழ் புதுப்பிக்கப்பட்டும் என்ஜின்எக்ஸ் ரீலோட் ஆகாமல் பழையதையே கொடுத்துக்கொண்டிருக்கலாம். செர்ட்பாட்டின் டிப்ளாய் ஹுக்கில் (புதுப்பித்ததும் தானாக ஓடும் பகுதி) ரீலோட் கட்டளையைச் சேருங்கள். லெட்ஸ் என்க்ரிப்ட் காலாவதி நினைவூட்டல் அஞ்சல்களை 2025 ஜூனில் நிறுத்திவிட்டது. ஆகவே உங்கள் கண்காணிப்பு உங்கள் பொறுப்பு. இரண்டாவது, டிஎல்எஸ் 1.3 மட்டும் போட்டு 1.2ஐ நீக்கியிருந்தால் இணைப்பைப் பிரித்துப் பார்க்கும் பழைய ஆய்வுக் கருவிகள் தோற்கும். இரண்டையும் வையுங்கள், 1.0, 1.1 வேண்டாம். மூன்றாவது, செர்ட்பாட் 2.0 முதல் இயல்பாக இசிடிஎஸ்ஏ வகைச் சாவியை உருவாக்குகிறது. மிகப் பழைய ப்ராக்ஸி அதை ஏற்காமல் போகலாம். என்ஜின்எக்ஸில் ஒரே பெயருக்குப் பழைய வகையான ஆர்எஸ்ஏ, இசிடிஎஸ்ஏ இரண்டு சான்றிதழ்களையும் சேர்த்தே கொடுக்க முடியும்.

நீங்களே கையொப்பமிட்ட சான்றிதழ் என்றால் யோசிக்கவே வேண்டாம், மாற்றுங்கள். வீட்டில் ஒருமுறை 'ஏற்கிறேன்' என்று அழுத்தி மறந்துவிடுவோம். ப்ராக்ஸியிடம் அழுத்த அந்தப் பொத்தான் கிடையாது.

கேள்வி: தடுப்புப் பக்கத்தில் 'புதிதாகப் பதிவான டொமைன்' என்று வருகிறது. இன்னொரு அலுவலகத்தில் 'வலைவழி மின்னஞ்சல்' என்று வருகிறது. பக்கத் தலைப்பையும் முகவரியையும் மாற்றி வேறு தளம் போலக் காட்டினால் தப்பிக்க முடியுமா?

பதில்: இரண்டும் வெவ்வேறு சிக்கல்கள். புதிய டொமைன்களைப் பல வடிகட்டிகள் ஏறத்தாழ ஒரு மாதம் தனி வகையில் வைத்துத் தடுக்கின்றன. மோசடித் தளங்கள் பதிவான சில நாட்களிலேயே வேலையை முடித்துக்கொண்டு போய்விடுவதால் வந்த விதி அது. உங்களிடம் பழைய டொமைன் இருந்தால் அதன் துணைப்பெயரில் வெப்மெயிலை வையுங்கள், இல்லையென்றால் காத்திருங்கள். இலவச டைனமிக் டிஎன்எஸ் பெயர்கள் (மாறிக்கொண்டிருக்கும் ஐபிக்குத் தரப்படுபவை) காத்திருந்தாலும் தேறாது. அவற்றுக்கென்றே தனி வகை இருக்கிறது, பல இடங்களில் அது மொத்தமாக மூடப்பட்டிருக்கும்.

தவறான வகையில் இருந்தால் மாற்றச் சொல்லலாம். ஃபோர்ட்டிகார்டு, சிஸ்கோ டாலோஸ், பாலோ ஆல்டோ, சைமன்டெக் போன்ற வடிகட்டிச் சேவைகள் தளத்தின் வகையைப் பார்க்கவும் திருத்தம் கோரவும் பொதுப்பக்கங்கள் வைத்திருக்கின்றன. உங்கள் அலுவலகம் எதைப் பயன்படுத்துகிறது என்பது தடுப்புப் பக்கத்திலேயே பெரும்பாலும் தெரியும். 'தீம்பொருள்', 'வகையற்றது' என்று விழுந்திருக்கும் தளத்துக்கு இந்தத் திருத்தம் நிச்சயம் கேட்க வேண்டியது. சான்றிதழ் சரியாக இருக்கட்டும், டொமைனின் முகப்புப் பக்கம் வெறுமையாக இல்லாமல் இது யாருடைய தளம் என்று சொல்லட்டும். வெற்றுப் பக்கத்துக்குச் சரியான வகை கொடுக்க யாராலும் முடியாது.

'வலைவழி மின்னஞ்சல்' என்று வந்தால், அது சரியான வகை. அதை வேறொன்று போல வேடமிட்டுக் காட்டச் சொல்ல மாட்டோம். உள்ளடக்க ஆய்வு உள்ள இடத்தில் ரவுண்ட்கியூப்பின் உள்நுழைவுப் படிவத்தை அதன் கோப்புப் பெயர்களே காட்டிக்கொடுக்கும்; தலைப்பை மாற்றுவதால் எதுவும் மறையாது. தவிர, மாட்டினால் 'விதி தெரியாமல் திறந்தேன்' என்று சொல்லும் இடம் போய், 'தெரிந்தே மறைத்தார்' என்று ஆகிவிடும். முகவரியில் ரவுண்ட்கியூப் என்ற சொல்லை எடுப்பதால் வேறொரு பயன் உண்டு. அந்தப் பெயரைத் தேடியே வரும் தானியங்கி நிரல்கள் குறையும், லாக் படிக்கும்படி இருக்கும். அதற்காகச் செய்யுங்கள். துணைப்பெயருக்குத் தனிச் சான்றிதழ் எடுத்தால் அந்தப் பெயர் பொதுச் சான்றிதழ்ப் பதிவேடுகளில் ஏறிவிடும் என்பதையும் கவனத்தில் வையுங்கள். பெயர் வெளியே தெரியக் கூடாதென்றால் டிஎன்எஸ் முறையில் வைல்டுகார்டு (எல்லாத் துணைப்பெயர்களுக்கும் பொதுவான) சான்றிதழ் எடுக்க வேண்டும்.

கேள்வி: அலுவலகத்தில் வெப்மெயில் திறக்கிறது. ஆனால் சான்றிதழில் அலுவலகத்தின் பெயர் இருக்கிறது. என் அஞ்சலை அவர்கள் படிக்க முடியுமா? கடவுச்சொல்?

பதில்: முடியும். இரண்டையும். இந்தக் கேள்வியைத்தான் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியமாக நினைக்கிறோம். தடுக்கப்பட்ட வெப்மெயிலால் உங்களுக்கு வருவது சிரமம் மட்டும். இப்படித் திறக்கிற வெப்மெயிலில் இழக்க நிறைய இருக்கிறது.

நடப்பது இதுதான். அலுவலகக் கணினியில் அவர்களுடைய வேர்ச் சான்றிதழ் ஏற்றப்பட்டிருக்கிறது. நீங்கள் தளத்தைத் திறக்கும்போது ப்ராக்ஸி உங்கள் சர்வருடன் ஓர் இணைப்பும் உங்கள் பிரவுசருடன் இன்னோர் இணைப்பும் வைத்துக்கொள்கிறது. நடுவில் எல்லாம் வெறும் எழுத்தாகக் கிடக்கும். முகவரி, அஞ்சல், உள்நுழைவுப் படிவத்தில் அடித்த கடவுச்சொல் எல்லாம்தான். பிரவுசரில் பூட்டுக் குறி அப்போதும் இருக்கும். இந்த ஆய்வு இல்லாத இடத்தில் அவர்களுக்குத் தெரிவது தளத்தின் பெயர், நேரம், எவ்வளவு தரவு போனது என்பவை மட்டும்.

இரட்டை அடையாளச் சோதனை போட்டுவிட்டேன் என்று நிம்மதியடையாதீர்கள். ரவுண்ட்கியூப் செருகுநிரல் கேட்கும் 6 இலக்க எண் வலை வாசலை மட்டுமே காக்கிறது. உங்கள் சர்வரில் 993 வெளியுலகுக்குத் திறந்திருந்தால், அதே கடவுச்சொல்லை வைத்து எந்த எண்ணும் இல்லாமல் ஐமேப் வழியாக மொத்தப் பெட்டியையும் இறக்கிக்கொள்ளலாம். பலரும் விட்டுவிடும் ஓட்டை இது.

அடைக்கும் வழி, வெப்மெயிலுக்கு ஒரு கடவுச்சொல், போனுக்கு வேறொன்று. டவ்காட்டில் இரண்டு பாஸ்டிபி (கடவுச்சொல் சரிபார்க்கும் பட்டியல்) வையுங்கள், இரண்டும் பாஸ்வேர்டு கோப்பு வகை. முதல் கோப்பில் வெப்மெயில் கடவுச்சொல்லின் ஹாஷ் (திருப்ப முடியாத குறிவடிவம்), வரியின் கடைசிப் புலத்தில் 'அலவ்_நெட்ஸ்' (எந்த முகவரியிலிருந்து நுழையலாம் என்ற கட்டுப்பாடு) என்று போட்டு, சர்வரின் சொந்த உள் முகவரியான 127.0.0.1/32. இரண்டாவது கோப்பில் போனுக்கான நீண்ட கடவுச்சொல்லின் ஹாஷ், இந்தக் கட்டுப்பாடு இல்லாமல். முதல் கோப்பில் பொருந்தாவிட்டால் டவ்காட் தானாக இரண்டாவதற்குப் போகும். இப்போது வெப்மெயில் கடவுச்சொல் யார் கையில் கிடைத்தாலும் சர்வருக்கு உள்ளிருந்து வரும் இணைப்புக்குத்தான் செல்லும். வெளியே 993இல் செல்லாது. வலை வாசலில் 6 இலக்க எண் காத்து நிற்கும்.

எழுதும்போது தவறுகிற இடங்கள் இரண்டு. கோப்பின் ஒவ்வொரு வரியிலும் பெயர், கடவுச்சொல், யூஐடி, ஜிஐடி (பயனர், குழு எண்கள்), ஒரு வெற்றுப் புலம், ஹோம், ஷெல், கடைசியாகக் கூடுதல் புலம் என்று முக்காற்புள்ளியால் பிரித்திருக்கும். நடுப்புலங்களைக் காலியாக விட்டால் ஹாஷுக்கும் அலவ்_நெட்ஸுக்கும் இடையே 6 முக்காற்புள்ளிகள் வர வேண்டும். 5 போட்டால் கட்டுப்பாடு ஷெல் புலத்தில் போய் விழும். டவ்காட் பிழை எதுவும் சொல்லாது, கடவுச்சொல் எல்லா இடத்திலிருந்தும் செல்லும். எழுதி முடித்ததும் வெளியிலிருந்து 993இல் வெப்மெயில் கடவுச்சொல்லைப் போட்டுப் பாருங்கள், தோற்க வேண்டும். இரண்டாவது, ரவுண்ட்கியூப்பின் ஐமேப்_ஹோஸ்ட் வரியில் லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதினால் சில சர்வர்களில் அது ஐபிவி6 முகவரிக்குப் போய்விடும், அலவ்_நெட்ஸ் மறுத்துவிடும். 127.0.0.1:143 என்றே எழுதுங்கள். சர்வருக்குள்ளேயே நடக்கும் இணைப்பு என்பதால் டவ்காட் அதை மறையாக்கம் இல்லாமலும் ஏற்கும். இதே வரி ரவுண்ட்கியூப் 1.5 வரை டீஃபால்ட்_ஹோஸ்ட் என்ற பெயரில் இருந்தது. டவ்காட் 2.4இல் பாஸ்டிபி எழுதும் முறை 2.3இலிருந்து மாறியிருக்கிறது, பழைய அமைப்புக் கோப்பை அப்படியே நகர்த்தினால் டவ்காட் கிளம்பாது.

6 இலக்க எண் 30 விநாடிக்கு ஒருமுறை மாறும். சர்வரின் கடிகாரம் ஓரிரு நிமிடம் பிசகினால் சரியான எண்ணையும் மறுக்கும். க்ரோனி போன்ற நேர ஒத்திசைவு ஓடுகிறதா என்று பாருங்கள்.

இன்னும் கடுமையாக வேண்டுமென்றால் என்ஜின்எக்ஸில் பிரவுசர் சான்றிதழைக் (உங்கள் பிரவுசரில் ஏற்றி வைக்கும் தனி அடையாளம்) கட்டாயமாக்கலாம். இடையில் பிரிக்கும் ப்ராக்ஸியிடம் உங்கள் சாவி இருக்காது, அதனால் அங்கே உள்நுழைவுப் பக்கமே வராது. ஆய்வு நடக்கும் கணினியில் தெரியாமல்கூட நுழைந்துவிடக் கூடாது என்று நினைப்பவர்களுக்கு இது சரியான பூட்டு. ஆய்வோடு சேர்ந்தே படிக்க நினைப்பவர்களுக்குப் பயன்படாது.

படங்கள் விஷயத்தில் ஒரு சொல். அஞ்சலில் உள்ள வெளிப் படங்களை உங்கள் பிரவுசர்தான் நேரடியாகப் போய் எடுக்கிறது. ஒரு விளம்பர அஞ்சலைப் படங்களோடு திறந்தால் அலுவலகப் பதிவேட்டில் உங்கள் பெயரில் பத்துப் பதினைந்து விளம்பரத் தளங்கள் ஏறும். 'ஷோ_இமேஜஸ்' 0 (படங்களைத் தானாகக் காட்டாதே) என்ற இயல்பு நிலையை மாற்றாதீர்கள்.

உங்கள் சொந்தப் போனில் அலுவலகத்தின் வேர்ச் சான்றிதழை ஏற்றச் சொன்னால் ஏற்றுவதற்கு முன் நன்றாக யோசியுங்கள். மேலே சொன்னதெல்லாம் அதன் பிறகு போனுக்கும் பொருந்தும்.

கேள்வி: அலுவலகத்தில் மட்டும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை 'அமர்வு செல்லாது' என்று வெளியே தள்ளுகிறது. அட்டாச்மென்ட்டும் ஏறுவதில்லை.

பதில்: அமர்வுக்கு 'ஐபி_செக்' வரியைப் பாருங்கள். இயல்பில் அது அணைந்திருக்கும். பாதுகாப்பு என்று நினைத்து இயக்கியிருப்பீர்கள். பெரிய அலுவலகங்களில் வெளியே போகும் ஐபி ஒன்றுக்கு மேல் இருக்கும். ஒரு கோரிக்கை ஒரு ஐபியிலிருந்தும் அடுத்தது இன்னொன்றிலிருந்தும் வந்தால் ரவுண்ட்கியூப் திருட்டு என்று நினைத்து அமர்வை முறிக்கும். அணையுங்கள். இன்னொன்று, அமர்வின் ஆயுள் இயல்பில் 10 நிமிடம். பக்கம் திறந்திருக்கும்வரை தானாக நீளும், கணினி உறங்கினால் முடியும். அலுவலகக் கணினியில் இதை நீட்ட வேண்டாம்.

அட்டாச்மென்ட்டைத் தடுக்கும் வரம்புகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. என்ஜின்எக்ஸில் இயல்பு வரம்பு 1 எம்பி, தாண்டினால் 413 பிழை. ரவுண்ட்கியூப்பை ஓட்டும் பிஹெச்பியில் ஒரு கோப்புக்கு 2 எம்பி, மொத்தப் பதிவுக்கு 8 எம்பி. போஸ்ட்ஃபிக்ஸில் ஓர் அஞ்சலுக்கு 10240000 பைட். அஞ்சலில் ஏறும்போது கோப்பு பேஸ்64 (எழுத்து வடிவக் குறியாக்கம்) ஆக மாறி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பருக்கும் என்பதால், 20 எம்பி கோப்பு அனுப்ப என்ஜின்எக்ஸுக்கும் பிஹெச்பிக்கும் 25, போஸ்ட்ஃபிக்ஸுக்கு 31457280 பைட் வையுங்கள். மாற்றியும் பலனில்லை என்றால் பெரும்பாலும் கட்டளை வரிக்கான பிஹெச்பி அமைப்புக் கோப்பைத் திருத்தியிருப்பீர்கள். வலைக்கான பிஹெச்பி சேவையான எஃப்பிஎம்மின் அடைவில் உள்ளதைத் திருத்தி, எஃப்பிஎம் சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் அலுவலகத்தில் மட்டும் ஏறவில்லை, சர்வர் லாக்கிலும் அந்தக் கோரிக்கை இல்லை என்றால், தரவு வெளியே போவதைத் தடுக்கும் விதி அது. சர்வரில் தேடிப் பயனில்லை.

கேள்வி: ஃபெயில்2பேன் (தவறாக நுழைய முயலும் ஐபியைத் தடை செய்யும் கருவி) போட்டேன். ஒரு நாள் அலுவலகத்தில் கடவுச்சொல்லைத் தவறாக அடித்ததும் எனக்கும், அதே சர்வரில் பெட்டி வைத்திருக்கும் சக ஊழியருக்கும் சேர்த்துக் கதவு மூடிக்கொண்டது. இன்னொரு முறை வெளியுலகுக்கே வெப்மெயில் நின்றுவிட்டது.

பதில்: முதலாவது இயற்கை. அலுவலகத்தில் எல்லோரும் ஒரே பொது ஐபியில் வெளியே வருகிறீர்கள். இயல்பு விதிப்படி 10 நிமிடத்தில் 5 தவறு நடந்தால் அந்த ஐபிக்கு 10 நிமிடத் தடை. அலுவலக ஐபியை விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடத் தோன்றும். சேர்க்காதீர்கள், அந்தக் கட்டடத்திலிருந்து யார் வேண்டுமானாலும் தடையின்றி ஊகிக்கலாம் என்றாகிவிடும். தவறு எண்ணிக்கையை 10 ஆக்குங்கள். ரவுண்ட்கியூப்பிலேயே ஒரு பயனருக்கு நிமிடத்துக்கு 3 தவறு என்ற வரம்பு இருக்கிறது. அது ஆளைத்தான் நிறுத்தும், ஐபியை நிறுத்தாது.

இரண்டாவது, ஃபெயில்2பேன் டவ்காட் லாக்கைப் பார்த்துக்கொண்டிருந்ததால் வந்திருக்கலாம். வெப்மெயில் வழி நுழைவு எல்லாம் டவ்காட்டுக்கு உங்கள் சர்வரின் சொந்த முகவரியிலிருந்து வந்ததாகவே தெரியும். முன்னால் ரிவர்ஸ் ப்ராக்ஸி (சர்வருக்கு முன் நின்று கோரிக்கைகளை வாங்கித் தருவது) இருந்தால் ரவுண்ட்கியூப்புக்கும் ப்ராக்ஸியின் முகவரிதான் தெரியும், ஃபெயில்2பேன் அதைத் தடை செய்தால் உலகமே வெளியே நிற்கும். ஃபெயில்2பேனின் டவ்காட் காவலில் (ஜெயில்) 127.0.0.1ஐ விலக்குங்கள். வெப்மெயிலுக்கு ரவுண்ட்கியூப்பின் பிழை லாக்கைப் படிக்கும் ரவுண்ட்கியூப்-ஆத் வடிப்பானை இயக்குங்கள். அது ஃபெயில்2பேனோடே வருகிறது. ப்ராக்ஸி இருந்தால் அதன் முகவரியை ரவுண்ட்கியூப்பின் ப்ராக்ஸி_வொயிட்லிஸ்டில் சேர்த்தால் உண்மையான ஐபி லாக்கில் விழும்.

ரவுண்ட்கியூப் பதிப்பையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். 1.6.11க்கும், 1.5 வரிசையில் 1.5.10க்கும் முந்தையவற்றில் சிவிஇ-2025-49113 என்ற ஓட்டை இருக்கிறது. உள்நுழைந்த எவரும் சர்வரில் தன் நிரலை ஓட்டலாம். கசிந்த ஒரு கடவுச்சொல்லே முழு சர்வரையும் கொடுத்துவிடும்.

கேள்வி: சர்வர் வீட்டில் இருக்கிறது. இணைய நிறுவனம் பொது ஐபி தருவதில்லை. அலுவலகத்திலிருந்து எப்படி எட்டுவது?

பதில்: பொது ஐபி உள்ள சிறிய விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்) ஒன்றை முன்வாசலாக வைத்து, வீட்டுக்கு வயர்கார்டு (ஒரு விபிஎன்) சுரங்கம் இழுங்கள். இணைப்பை வீட்டுப் பக்கம்தான் தொடங்க வேண்டும், பெர்சிஸ்டன்ட்கீப்அலைவ் (இணைப்பு மூடாமலிருக்க அனுப்பும் சிறு பொதியின் இடைவெளி) 25 விநாடி. இல்லையென்றால் சும்மா இருக்கும் நேரத்தில் வழி மூடிக்கொள்ளும். விபிஎஸ்ஸில் என்ஜின்எக்ஸின் ஸ்ட்ரீம் பகுதியில் 443ஐத் திறந்து அப்படியே வீட்டுக்குத் தள்ளுங்கள். சான்றிதழும் சாவியும் வீட்டிலேயே இருக்கும், விபிஎஸ்ஸால் அஞ்சலைப் படிக்க முடியாது. இரு பக்கமும் ப்ராக்ஸி புரோட்டோகால் (பார்வையாளரின் ஐபியைக் கூடவே அனுப்பும் முறை) இயக்கி, ரியல் ஐபி வரிகளையும் சேர்த்தால் பார்வையாளர் ஐபி வீட்டு லாக்கில் சரியாக விழும். ஒரு பக்கம் மட்டும் இயக்கினால் வெப்மெயிலே திறக்காது.

உள்நுழைவுப் பக்கம் வந்து, பெட்டி திறக்கும்போது தொங்கினால் எம்டியூவைச் (ஒரு பொதியின் அதிகபட்ச அளவு) சந்தேகியுங்கள். வயர்கார்டின் வழக்கமான 1420ஐ 1280 ஆக இறக்கிப் பாருங்கள்.

கேள்வி: அலுவலகக் கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் சுரங்கமோ விபிஎன்னோ போட்டால் எல்லாம் தீர்ந்ததே?

பதில்: அலுவலகக் கருவியில் வேண்டாம். கண்காணிப்பு மென்பொருள் கணினிக்குள்ளேயே இருந்தால் சுரங்கம் எதையும் மறைக்காது. பல இடங்களில் அதைப் போடுவதே வேலை விதியை மீறுவது. சொந்தப் போன், சொந்த மொபைல் டேட்டா, இரண்டும் கையில் இருக்கும்போது இது தேவையில்லாத ஆபத்து.

கேள்வி: ஐடி பிரிவிடம் முறையாக விலக்குக் கேட்க விரும்புகிறேன். என்ன எழுதினால் ஒப்புக்கொள்வார்கள்?

பதில்: அவர்கள் வெப்மெயிலைத் தடுப்பதற்குக் காரணம் இரண்டு. அலுவலக மெயில் சோதனையில் படாமல் தீம்பொருள் உள்ளே வருவது, அலுவலகக் கோப்பு வெளியே போவது. கடிதம் இந்த இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டும். தளத்தின் முழுப்பெயர், 443 மட்டும் என்ற உறுதி, மாறாத பொது ஐபி, தளம் யாருடையது, எதற்குத் தேவை, தடுப்புப் பக்கத்தின் வகையும் குறிப்பு எண்ணும் ஆகியவற்றை எழுதுங்கள். 'மெயில் பார்க்க வேண்டும்' என்று மட்டும் எழுதினால் மறுப்பது எளிது. ஒரே ஒரு பெயருக்கு, ஒரே ஒரு போர்ட்டுக்கு என்று கேட்டால் அவர்கள் எழுத வேண்டிய விதி ஒரு வரிதான்.

பெரிய கோப்பு வெளியே போகாது என்பதைச் சொல்லால் உறுதி தருவதை விட அமைப்பிலேயே காட்டலாம். அலுவலகத்துக்கென்று இரண்டாவது துணைப்பெயர் வைத்து, அதன் சர்வர் பிளாக்கில் கிளையன்ட்_மேக்ஸ்_பாடி_சைஸ் 256கே என்று வையுங்கள். அதே ரவுண்ட்கியூப், அதே பெட்டி. படிக்கலாம், பதில் எழுதலாம். 256 கேபிக்கு மேல் எதையும் ஏற்ற முயன்றால் 413 வரும். வீட்டுக்கான துணைப்பெயரில் பழைய வரம்பு அப்படியே இருக்கும். முழுதும் தடுக்கிறோம் என்று நினைத்து 0 என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். என்ஜின்எக்ஸில் அதற்கு வரம்பே இல்லை என்று பொருள். உள்ளே வரும் அட்டாச்மென்ட்டை இந்த வரி தடுக்காது, அதைக் கடிதத்திலும் ஒளிக்காமல் எழுதி, டிஎல்எஸ் ஆய்வை இந்தப் பெயருக்கு நிறுத்த வேண்டாம், தொடரட்டும் என்று நீங்களே சேர்த்துவிடுங்கள். மேலே சொன்னபடி கடவுச்சொற்களைப் பிரித்திருந்தால் அந்த ஆய்வால் போனின் கடவுச்சொல் வெளிப்படாது. ஆனால் அங்கே திறக்கும் அஞ்சலை அவர்களால் படிக்க முடியும்; வங்கி, மருத்துவ அஞ்சல்களை அந்தக் கணினியில் திறக்காதீர்கள்.